நான் சொன்ன ஐந்து நிமிடம்

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: வைத்தியர், என் மகள், நான். என் கணவர் கீழே காருக்குள் இருந்தார். பார்க்கிங்குக்குக் காசு கொடுக்க அவருக்கு மனமில்லை. நிறுத்தக்கூடாத இடத்தில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமல், யாராவது வந்து கண்ணாடியில் தட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவரலாம் என்று இருந்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு வந்த பதினொரு மாதமும் வீட்டில் இந்தக் கதை எழுந்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒரே வசனம்தான்.

"நான் அங்கை இருக்கேல்லை."

உண்மை. அவர் இருக்கவில்லை. நான்தான் இருந்தேன்.

அது மிசிசாகாவில் ஒரு மாடிக் கட்டடம். நாங்கள் இருப்பது அஜக்ஸில். 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து போனோம். விமானம் ஓட்டப் படிக்கப் போகிறவர்களை எல்லா வைத்தியர்களும் பரிசோதிக்க முடியாது. அதற்கென்று அனுமதி பெற்ற சிலர்தான் இருக்கிறார்கள். அவர் எழுதுவது ஒட்டாவாவுக்குப் போகும். அங்கிருந்து தகுதிச் சான்றிதழ் வரவேண்டும். ஆவணி முடிவதற்குள் அது கையில் இல்லாவிட்டால், மகள் பதிந்து வைத்திருந்த பறப்புப் பள்ளியில் செப்ரெம்பர் வகுப்புக்கு எடுக்கமாட்டார்கள். அன்றைய அலுவல் அந்த ஒரு கடுதாசிதான்.

"நீங்க வரத் தேவையில்லை அம்மா," என்று மகள் முதல்நாளே சொன்னாள்.

"டாக்குத்தரிட்டைப் போறாய். தனியவோ போறது?"

"எனக்குப் பத்தொன்பது வயசு."

"அதுக்கு?"

எங்கள் வீட்டில் ஒருவருக்கு மூக்கடைத்துத் தடிமன் என்றாலும் காரில் மூன்று பேர் ஏறுவோம். அப்படித்தான் பத்தொன்பது வருடமாக வைத்தியரிடம் போகிறோம்.

இதெல்லாம் ஒரு யப்பானிய நாடகத்தில் தொடங்கியது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். ஈரத்துணி வண்டியைத் தள்ளித் தள்ளி, அதற்கு முந்தின மார்கழியில் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. எட்டுக் கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வேலைக்குப் போனால் எனக்கு யோசனை குறைவு, இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வீட்டில் இருந்தால் எல்லாம் கேட்கும். சூடேற்றி ஒருமாதிரி உறுமினால் வாயு கசிகிறது என்று நினைப்பேன். பனி கொட்டினால் கணவரின் கார் சறுக்கிவிட்டது என்று நினைப்பேன். அப்போது மகள் கல்லூரியில் கணக்கியல் முதலாம் வருடம். வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று ஒரு நாளில் நாலு தரம் கூப்பிட்டேன். அவள் பொறுமை இழந்து, ஒரு பின்னேரம் தொலைக்காட்சியில் எதையோ தேடிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"இதைப் பாருங்கோ. இதிலை ஒருத்தரும் சாகேல்லை, ஒருத்தரும் ஒருத்தரையும் கெடுக்கேல்லை. உங்கடை பிரஷருக்கு நல்லது."

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். கிழமைக்கு ஆறு பாகம். யப்பானில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் குடும்பமாக இருந்து பார்ப்பார்களாம். தெற்கே ஒரு சின்னத் தீவு. தகப்பன் படகுத்துறையில் பயணச்சீட்டு விற்கிறவர். தாய் துறை வாசலில் நூடில்ஸ் கடை வைத்திருக்கிறாள். கிழமைக்கு மூன்று தரம் ஒன்பது பேர் ஏறக்கூடிய ஒரு குட்டி விமானம் அந்தத் தீவுக்கு வரும். மூத்த பெண்ணுக்கு அதை ஓட்டவேண்டும் என்று ஆசை. விமானத்தில் ஆட்கள் ஏறினால் படகில் ஆட்கள் குறைவார்கள், தகப்பனின் வேலை போகும். கதை அவ்வளவுதான். நூற்றிருபது பாகம்.

ஆங்கில எழுத்து அடியில் ஓடும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் நான் ஒரு வரியை வாசித்து முடிக்க அவர்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். அதனால் மகள் எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், எங்கள் வீட்டில் கேட்ட தமிழில். அந்த யப்பானியத் தகப்பன் கை கட்டிக்கொண்டு நாலு சொல் சொல்ல, மகள் சொல்லுவாள்: "'எனக்கு உதுகள் ஒண்டும் விளங்காது, அம்மாவைக் கேள்' எண்டு சொல்லுறார்." என் கணவரின் குரலிலேயே சொல்லுவாள். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்து, "உவர் நல்ல மனுசன் போலை கிடக்கு," என்பார்.

எழுபது பாகம் வரை அப்படி இருந்து பார்த்தோம். ஒருவரை விட்டு ஒருவர் பார்ப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. நான் வேலைக்குத் திரும்பிய பின்னும், மூன்று பேரும் வீட்டில் இருந்த நாட்களில், சாப்பாட்டுத் தட்டோடு அந்தப் பதினைந்து நிமிடம் நடந்தது. மாசி மாதத்தில் ஒருநாள், பாகம் முடிந்து பாட்டுப் போகும்போது, மகள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நானும் இதைச் செய்யப்போறன்."

"எதை? நூடில்ஸ் கடையோ?" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்ரௌவ்வில் பக்கம் தாண்டி ஒரு சிறிய விமானத்திடல் இருப்பதையும், அங்கே படிப்பிக்கிறார்கள் என்பதையும், எவ்வளவு முடியும் என்பதையும் கைபேசியில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். தொகையைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்தது. ஆனால் என் வாழ்க்கையில் அந்தப் பிள்ளை வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்தரம். சைக்கிள்கூடக் கேட்டதில்லை. நான்தான் விழுந்துவிடுவாள் என்று வாங்கிக் கொடுக்கவில்லை.

சீட்டு எடுத்தோம். இருபத்துநாலு பேர், மாதம் எழுநூறு டொலர். சீட்டைப் பிடிக்கிறவர் யூனியன்வில்லில் மகனோடு இருக்கும் ஒரு அக்கா. தை மாதம் தொடங்கிய சீட்டு அது, நாங்களும் முதலிலிருந்தே கட்டி வந்தோம். யாருக்கு அவசரமோ அவர் கழிவு கூறி முன்னுக்கே எடுக்கலாம். நாங்கள் நாலாம் மாதமே எடுத்தோம். பதினாறாயிரத்து எண்ணூறில் கழிவு போகப் பதினாலாயிரம் கைக்கு வந்தது. அதில் ஐயாயிரம் பறப்புப் பள்ளிக்கு முற்பணம். திருப்பித் தரமாட்டோம் என்று தாளின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சின்ன எழுத்தை மட்டும் நான் மூன்று தரம் வாசித்தேன்.

இனி அந்த அறை.

வைத்தியர் வயதானவர், மெதுவாகப் பேசினார். கண் பார்த்தார், காது பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் நல்லது என்றார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். வலிப்பு வந்ததுண்டா. இல்லை. தலையில் அடிபட்டதுண்டா. இல்லை. எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா.

"இல்லை," என்றாள் மகள்.

அவர் அடுத்த கேள்விக்குப் போக வாயைத் திறந்தார். நான் சொன்னேன், "ஒருக்கா."

மகள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு இன்றைக்கும் அந்த முகம் தெரியும்.

"அம்மா?"

"கந்தசஷ்டிக்கு. கோயில்லை."

"அம்மா, நான் விழேல்லை. ஐ ஜஸ்ற் சற் டவுன்."

"பொய் சொல்லப்படாது பிள்ளை. படிவம்."

வைத்தியர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கோயில். விரதம். ஆறு நாள் பாலும் பழமும் மட்டும். சூரன்போர் அன்று வரிசையில் நின்றாள். விழுந்தாள்.

எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தாள் என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொன்னால் எதையோ மறைக்கிறோம் என்று எழுதுவார்கள். குறைத்துச் சொன்னாலும் மறைக்கிறோம் என்றுதான் எழுதுவார்கள். கூட்டிச் சொன்னால் ஒருவரும் குறை சொல்லமுடியாது. இவ்வளவும் ஒரு விநாடிக்குள் என் தலைக்குள் ஓடியது.

"ஐந்து நிமிடம்," என்றேன்.

அவர் எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அந்த ஐந்து தலைகீழாகத் தெரிந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று என்னைக் கேட்காதவர் இல்லை. எங்கள் ஆட்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். என் கணவர் இங்கே அகதியாக வந்து கொடுத்த வாக்குமூலத்தில், கொழும்பில் ஒரு லொட்ஜில் பதினெட்டு நாள் இருந்ததை எழுத மறந்துவிட்டார். விசாரணையில் அது வெளியே வந்தது. பதினெட்டு நாளைச் சொல்லாதவர் வேறு எதைச் சொல்லாமல் விட்டாரோ என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் கோப்பு மூன்று வருடம் கிடந்தது. அந்த மூன்று வருடமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு நான் வாசலில் போய் நிற்பேன். எதையும் விடாதே, அவர்கள் கண்டுபிடிக்கமுதல் நீயே சொல்லிவிடு என்று வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளர் திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டேன். பல் வைத்தியரின் படிவத்தில்கூட, வேறு ஏதாவது வருத்தம் உண்டா என்று கேட்ட இடத்தில், பதினொரு வயதில் உடம்பெல்லாம் போட்ட கொப்புளிப்பானை எழுதியவள் நான்.

திரும்பி வரும் வழியில், அலன் வீதியைத் தாண்டிய பிறகு, கணவர் கேட்டார்.

"என்னவாம்?"

"அம்மாட்டைக் கேளுங்கோ," என்றாள் மகள்.

அன்று பின்னேரம் எழுபத்தோராம் பாகம் பார்த்தோம். அவள் ஒரு வசனமும் சொல்லித் தரவில்லை. திரையில் அந்தப் பெண் உடற்பரிசோதனைக்குப் போகிறாள், வெள்ளை அங்கி போட்டவர் எதையோ எழுதுகிறார், இவள் முகம் மாறுகிறது. அதோடு பாகம் முடிந்தது. மகள் எழும்பித் தட்டைக் கழுவிவிட்டு மேலே போனாள். அதன்பிறகு அவள் வந்து இருக்கவில்லை.

ஆடி மாதம் ஒட்டாவாவிலிருந்து கடிதம் வந்தது. விளக்கம் கூறமுடியாத நினைவிழப்பு என்று அதில் இருந்தது. நரம்பியல் நிபுணரின் அறிக்கை, மூளை அலைப் பரிசோதனை, இருதயத் துடிப்புப் பதிவு, எல்லாம் வந்த பிறகு பார்ப்போம் என்று இருந்தது. எங்கள் குடும்ப வைத்தியர் நிபுணருக்குக் கடிதம் அனுப்பினார். அவர்கள் கொடுத்த நாள் தை மாதத்தில்.

"தை எண்டால் அடுத்த தையோ?" என்று நான் தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பெண் ஆம் என்றாள். அதற்கு முதல் யாராவது வராமல் விட்டால் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஒருவரும் வராமல் விடவில்லை. ரொறன்ரோவில் மூளை வைத்தியரிடம் நாள் கிடைத்தவர்கள் செத்தாலும் வந்து நிற்பார்கள் போல.

அந்த யப்பானிய நாடகத்தில் திங்கட்கிழமை ஒரு சிக்கல் வந்தால் சனிக்கிழமை அவிழ்ந்துவிடும். பதினைந்து நிமிடம் ஆறு தரம், ஒன்றரை மணித்தியாலம். அவ்வளவு நேரம் நான் அந்தப் பரிசோதனை நிலையத்தின் தொலைபேசிப் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

செப்ரெம்பர் வந்தது. மகளின் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். ஐயாயிரம் போனது. சின்ன எழுத்தில் இருந்தது போலவே நடந்தது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கியலையும் விட்டுவிட்டதால் அவள் ஒரு தளபாடக் கடையில் பண்டகசாலை வேலைக்குப் போனாள். காலையில் ஆறு மணிக்குப் போய் மூன்று மணிக்கு வருவாள். நான் நாலு மணிக்கு வருவேன். ஒரே வீட்டில் அவளும் நானும் மாடிப்படியில் மட்டும் சந்தித்தோம்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனி?"

"சாப்பாடு."

என் கணவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களெண்டாலும் அவளோடை கதையுங்கோவன்."

"நான் என்னத்தைக் கதைக்கிறது? நான் அங்கை இருக்கேல்லை."

"பார்க்கிங் காசு மிச்சம் பிடிச்சுக்கொண்டு கீழை இருந்ததை ஒரு பெருமையாச் சொல்லுறீங்கள்."

"இஞ்சேர், நான் மேலை வந்திருந்தாலும் நீர் வாயை மூடியிருக்கமாட்டீர்."

அதுவும் உண்மை.

நான் தனியே நாடகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். கட்டுப்பாட்டை மீறினேன்தான். மகள் இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முகங்களை மட்டும் பார்த்தேன். எழுபத்தெட்டாம் பாகத்தில் ஒரு கடிதம் வருகிறது. தாய் நூடில்ஸ் கடைக்குள் நின்று அதைப் பிரித்து வாசித்து, ஏப்ரனை முகத்தில் வைத்து அழுகிறாள். பெண்ணைத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று எனக்கு விளங்கியது. நானும் அழுதேன். அந்தத் தாய் பாகத்துக்குப் பாகம் ஒரே மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பெண் எங்கே போனாலும் வாசலில் நின்று ஒரு சொல் சொல்லுவாள், அதற்குமேல் இல்லை. அந்த வாயை மூடி வைத்திருக்கும் கலையை அவளிடம் காசு கொடுத்தாவது படிக்கலாம் போல இருந்தது.

தை மாதம் நிபுணரின் நாள் வந்தது. நான் போகவில்லை, மகள் போனாள், தகப்பன் காரில் இருந்தார். மூளை அலை சரி. இரண்டு நாள் நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டு திரிந்தாளே, அதுவும் சரி. ஆனால் ஒட்டாவாவுக்கு எழுதமுதல் நிபுணர் ஒன்று சொன்னாராம். அதை மகள் படியில் நின்றபடி எனக்குச் சொன்னாள். பல நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முழு வசனம் அது.

"பசியிலை நிண்டு பத்து செக்கன் தலை சுத்தினால் அது நோமலாம். ஆருக்கும் வருமாம். ஐஞ்சு நிமிசமெண்டால் அது வேறை கதையாம். டெஸ்ற் எல்லாம் சரியாயிருந்தாலும் அந்த ஐஞ்சு நிமிசம் ஃபைல்லை இருக்குமட்டும் அவையள் விடமாட்டினமாம்."

"பத்து செக்கனோ, ஐஞ்சு நிமிசமோ, நீயே சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னனான் அம்மா. நான் விழேல்லை எண்டு சொன்னனான். அவர் உங்களைத்தான் நம்பினவர்."

மாசி மாதச் சீட்டுக்காசு கொடுக்க யூனியன்வில்லுக்குப் போனேன். அக்கா பணத்தை எண்ணிக் கொப்பியில் அடையாளம் போட்டுவிட்டு, "பிள்ளை பறக்கிறாளோ?" என்று கேட்டார். நான் இருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கோயில் வரிசை என்று சொன்னபோது அவர் கொப்பியை மூடினார்.

"எந்த வரியம்?"

"முந்தின சஷ்டிக்கு முதல் சஷ்டி. அந்தக் கடுங்குளிர், வெளியிலை வரிசை நிண்டது."

"நான்தானே பின்னாலை நிண்டனான்."

"நீங்களோ?"

"உமக்கு ஞாபகமில்லையோ? நீர் அர்ச்சனைச் சீட்டு எடுக்க உள்ளுக்குப் போயிட்டீர். பிள்ளை ஆடுறாள் எண்டு நான் பிடிச்சன். அப்பிடியே கீழை இருத்தினன். பிஸ்கற் ஒண்டைக் கடி எண்டு நீட்ட, 'இல்லை அன்ரி, பாறணை நாளைக்குத்தான்' எண்டு என்னோடை வாதாடினவள். மயங்கினவள் வாதாடுவாளோ?"

"ஐஞ்சு நிமிசம் எண்டு…"

"ஐஞ்சு நிமிசம் நீர் உள்ளுக்கு நிண்டது."

அன்று நான் திரும்பி வந்தபோது பிள்ளை நிலத்தில் இருந்தாள், சுற்றி ஆட்கள் நின்றார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியை என் பயம் போட்டு நிரப்பியிருக்கிறது.

"எழுதிக் கொடுக்கிறன்," என்றார் அக்கா. "நான் கண்டதை நான் எழுதிக் கொடுக்கிறன். நீரும் பிழையாச் சொன்னதெண்டு எழுதிக் கையெழுத்து வையும்."

இதைக் கேட்டதும் ஓடிப்போய் எழுதியிருப்பேன் என்று நினைப்பீர்கள். மூன்று கிழமை எழுதவில்லை. முதல் ஒன்று சொல்லிப் பிறகு வேறொன்று சொல்கிறவர்களை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு நாளுக்கு மூன்று வருடம் என்றால், ஐந்து நிமிடத்தை மாற்றினால் எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். தாயும் மகளும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கு வாழ்நாளுக்கும் இல்லாமல் போகும். எழுதாவிட்டாலும் இல்லை. சலவை அறையில் போர்வைகளை மடித்தபடி இரண்டு பக்கமும் மாறி மாறி யோசித்து, ஒருநாள் ஆண்களின் உடுப்புகளைப் பெண்களின் தட்டில் அடுக்கி ஏச்சும் வாங்கினேன்.

கடைசியில் மகளிடமே கேட்டேன். அவள் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதைச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

தண்ணீரை நிறுத்தினாள்.

"எத்தினை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"மூண்டு கிழமை."

"மூண்டு கிழமை," என்றாள். தன் மடிகணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "சொல்லுங்கோ. நான் அடிக்கிறன். நீங்க கண்டதை மட்டும் சொல்லுங்கோ. நினைச்சதைச் சொல்லவேண்டாம்."

நான் கண்டதை மட்டும் சொன்னபோது அது நாலு வரிதான் வந்தது. இவ்வளவுதானோ என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள். நாலாவது வரிக்குப் பிறகு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கத் தொடங்கினேன். அந்த லொட்ஜ், அந்த மூன்று வருடம். அவள் தட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லொட்ஜ் கதை அவளுக்கு அதுவரை தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. யாரும் கேட்காத இடத்தில் எல்லாம் சொன்ன நான், வீட்டுக்குள் அதைச் சொல்லவில்லை.

"உதை எழுதவேண்டாம்," என்றாள் பிறகு. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "உது அவையளுக்குத் தேவையில்லை."

நான் கையெழுத்து வைத்தேன். அக்காவும் வைத்தார். தமிழில் வைத்தார், பெரிய எழுத்தில். நிபுணர் தன் அறிக்கையோடு இரண்டையும் சேர்த்து அனுப்பினார்.

வைகாசி மாதம் சான்றிதழ் வந்தது. ஒரு தாள். தகுதி. ஒருவரும் எங்களைப் பொய்யர் என்று எழுதவில்லை. ஏன் மாற்றிச் சொன்னாய் என்று ஒரு கேள்விகூட இல்லை. அதுவே எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. இவ்வளவுதான் என்றால் அந்த மூன்று கிழமையை, அந்தப் பதினொரு மாதத்தை யாரிடம் போய்க் கேட்பது? கணவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சரி, இனிப் பிரச்சினை இல்லைத்தானே?"

"நீங்கள் அங்கை இருக்கேல்லைத்தானே," என்றேன்.

பறப்புப் பள்ளியில் வருகிற செப்ரெம்பர் வகுப்புக்கு இடம் இருக்கிறதாம். முற்பணம் திரும்பவும் ஐயாயிரம். மகள் அதைத் தன் பண்டகசாலைச் சம்பளத்தில் கட்டினாள். என்னிடம் கேட்கவில்லை. நான் கொடுக்கிறேன் என்றபோது, "நீங்க ஒருக்காக் கட்டிட்டீங்க," என்று மட்டும் சொன்னாள். அதில் கோபம் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம் அவள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து சோபாவில் இருந்து, ஒன்றும் கேட்காமல் எழுபத்திரண்டாம் பாகத்தைப் போட்டாள். நான் முழுவதையும் பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வெள்ளை அங்கிக்காரர் எழுதியது ஒன்றுமில்லையாம், கொஞ்சம் நிறை கூடவேண்டும், நல்லாகச் சாப்பிடு என்று சொன்னாராம். சில நாள் கழித்துப் பார்த்த எழுபத்தெட்டாம் பாகத்துக் கடிதம் பெண்ணைப் பற்றியதே இல்லை. படகுச் சேவை இன்னும் இரண்டு வருடம் ஓடும், தகப்பனுக்கு வேலை இருக்கும் என்று வந்த கடிதம். அந்தத் தாய் அழுதது சந்தோசத்தில். நான் தனியே இருந்து பிழையான இடத்தில் அழுதிருக்கிறேன்.

"ஏன் அம்மா பேசாமல் இருக்கிறீங்க?" என்றாள் மகள்.

"பாக்கிறன்," என்றேன்.

செப்ரெம்பரில் அவள் ஏறுவாள். ஏறினால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. காற்று, மின்னல், பறவை எல்லாவற்றையும் இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். முதல்நாள் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் கணவர். நானும் வரலாமா என்று கேட்டேன். காருக்குள் இருப்பதென்றால் வரலாம் என்றாள் மகள்.

நேற்று யூனியன்வில்லுக்குப் போய் வைகாசி மாதக் காசையும் கட்டிவிட்டு வந்தேன். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. எடுத்து முடித்து, ஐயாயிரத்தைத் தொலைத்தும்விட்ட சீட்டுக்கு, நாலாயிரத்துத் தொளாயிரம் டொலர்.